கரகரப்பின் ருசி

திருவனந்தபுரத்து 'அவியல்' ராக் குழுவின் முதல் ஆல்பம் 2008-ல் வந்தது. அதன் பெயரும் 'அவியல்'தான். எட்டே பாட்டு, எட்டும் மலையாளம். கிரஞ்ச் வாசனை அடிக்கிற அந்தக் கிட்டாரை முதலில் சொல்லவேண்டும். ரெக்ஸ் விஜயன் அதைப் பளபளப்பாக்குவதில்லை. உப்புத்தாள் தேய்ப்பதுபோல ஒரு சொரசொரப்பை அப்படியே விட்டுவைக்கிறார். அடியில் நரேஷ் காமத்தின் பேஸ் கனமாக நகர, மிதுனின் டிரம்ஸ் அவசரப்படாமல் அடிக்கிறது. 'நட நட' பாட்டில் அந்த 'ட' ஒவ்வொன்றும் தோலில் விழுந்த அடியாகவே கேட்கும். ஆங்கில ராக்கில் வழுக்கிப் போகும் மெய்யெழுத்துகள் இங்கே கால் ஊன்றி நிற்கின்றன.

'ஆடு பாம்பே'தான் எனக்குப் பிடித்தது. திருவனந்தபுரத்தை ஒட்டிய செம்பழந்தியில் பிறந்த நாராயண குருவின் குண்டலினிப் பாட்டு அது. பாம்பாட்டிச் சித்தரைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த நடை அந்நியமில்லை. டோனி ஜானின் குரல் அலறுவதில்லை; ஓதுவதற்கும் அதட்டுவதற்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. கிட்டாரோ சொல்லின் மேல் ஏறாமல், வரி முடியும்வரை பொறுத்திருந்து பிறகே உறுமுகிறது. அந்தப் பொறுமைக்காகவே திரும்பக் கேட்கலாம். எட்டும் ஒரே உயரம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நல்ல ஹெட்ஃபோனில், கொஞ்சம் சத்தமாகக் கேட்கவேண்டிய ஆல்பம். போனின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் பாதி காணாமல் போய்விடும்.