மூன்று நூல்களும் ஒரு வாசகனும்

கற்றோர் முன்னிலையில் ஒரு நூலைப் பற்றிப் பேசப் புகுவோன், அதனைத் தான் விரும்பினான் என்று கூறுவது மாத்திரம் போதாது. அவ்விருப்பம் தகுதி நோக்கி எழுந்ததா, தன் ஊர்ப்பற்றினால் எழுந்ததா என்பதையும் அவன் ஆராய்தல் வேண்டும். திறனாய்வுத் துறையிலே பெரும் பயிற்சி உடையேன் அல்லேன். வெளிவாரி மாணவனாகப் பட்டம் பெற்று, பாடசாலையிலே தமிழ் கற்பித்து வருபவன். எனினும், அண்மையிற் படித்த மூன்று நூல்கள் என் மனத்தில் எழுப்பிய ஐயத்தை இம்மலரின் வாசகர் முன் வைப்பது பயனுடைத்தெனக் கருதுகிறேன்.

சென்ற மாரி விடுமுறையிலே, வவுனியாவில் குளங்கள் நிரம்பி ஒழுங்கைகள் சேறாகிக் கிடந்த நாட்களில், இம்மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தேன். முதலாவது, ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேய சிவில் சேவையாளர் 1895ஆம் ஆண்டிலே வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல். இரண்டாவது, லெனாட் வூல்வ் எழுதி 1913இல் வெளிவந்த 'காட்டிலுள்ள கிராமம்' என்னும் பொருள்படும் தலைப்பையுடைய ஆங்கில நாவல். மூன்றாவது, அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'. இது 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்தது. முன்னிரண்டும் எனக்குப் புதியவை. 'நிலக்கிளி'யை மாணவப் பருவத்திலே அட்டை கிழிந்த ஒரு பிரதியில் படித்திருந்தேன். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னர் மீண்டும் படித்தேன்.

மூன்றுக்கும் பொதுவாய் நிற்பது காடு. வூல்வின் கதை நிகழ்வது தெற்கே அம்பாந்தோட்டைப் பகுதியிலே. ஆயினும் அங்கும் இங்கும் வறண்ட வலயமே. மழையை எதிர்பார்த்துக் காட்டை வெட்டி எரித்துச் சேனை செய்யும் வாழ்வே. ஆகவே வன்னியான் ஒருவன் அந்நாவலை அயலூர்க் கதையாகவே படிக்க இயலும்.

நம்மவர் இத்தகைய நூல்களைப் பாராட்டும்போது வழங்கும் சொல் ஒன்றுண்டு: மண்வாசனை. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் ஈழத்து எழுத்தாளர் 'தேசிய இலக்கியம்' வேண்டுமென்று வாதாடிய காலத்திலே, இச்சொல்லுக்கு ஒரு போர்க்குணம் இருந்தது. தமிழகத்துச் சஞ்சிகைகளின் நடையையும் களத்தையும் பார்த்தெழுதும் வழக்கத்துக்கு மாற்றாக, நமது ஊரையும் நமது பேச்சையும் எழுதுங்கள் என்று அது அறைகூவியது. அதன் பயனை மறுப்பாரில்லை. ஆனால் இன்று அச்சொல் தேய்ந்துவிட்டது. பாலைமரமும் உடும்பும் வந்தால் மண்வாசனை, 'எங்கட' என்று ஒருவர் பேசினால் மண்வாசனை. மரங்களின் பெயரை அடுக்குவது இலக்கியமாயின், வனத் திணைக்களத்தின் பதிவேடு இலக்கியமாகிவிடும். எனவே, ஒரு நிலம் ஒரு நூலிலே மெய்யாக இடம்பெற்றுள்ளது என்று எப்போது சொல்லலாம் என்பதே என் வினா.

லூயிசின் கைந்நூலில் இருந்து தொடங்குவோம். கிராமங்கள், குளங்கள், குடித்தொகை, பயிர்ச்செய்கை, நோய்கள், வழிபாடுகள் எனத் தலைப்புத் தலைப்பாக ஓர் அதிகாரி திரட்டிய செய்திகள் அதில் உள்ளன. இந்நூல் வெளிவந்து பத்து ஆண்டுகள் சென்ற பின்னரே, 1905இல், யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் புகையிரதப் பாதை வவுனியாவூடாக முற்றுப்பெற்றது. நுளம்பே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்ட் றொஸ் கண்டறிந்தது 1897இல். அதாவது இந்நூலுக்கு இரண்டு ஆண்டுகளின் பின். காய்ச்சலினாற் கிராமங்கள் தேய்வதைக் கண்ணெதிரே கண்டும், அக்காய்ச்சல் வந்த வழியை அறியாத ஒரு காலத்தின் சான்று இது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா நீங்கிய நாடாக அறிவித்ததைக் கேட்ட தலைமுறையினன் நான். அப்பக்கங்களைப் புரட்டியபோது, இவ்வட்டவணைகளின் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருந்திருக்குமே என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

நன்றியோடு படிக்கவேண்டிய நூல் இது. நம் முன்னோரைப் பற்றி நாம் எழுதிவைக்காத பலவற்றை அயலான் எழுதிவைத்தான். ஆயினும் இதில் மக்கள் எண்ணப்படுகின்றனரேயன்றி எதனையும் தெரிவு செய்வதில்லை. அவர்கள் வரி செலுத்துகின்றனர், நோயுறுகின்றனர், குறைகின்றனர். ஒரு தாய் தன் பிள்ளையுடன் ஊரை விட்டுப் போவதா இருப்பதா என்று எண்ணிய இரவு கைந்நூலில் இடம்பெறாது. அது கைந்நூலின் குற்றமன்று; அவ்வகை நூலின் எல்லை.

அவ்வெல்லையைத் தாண்ட முயன்ற அதிகாரியே லெனாட் வூல்வ். 1904 முதல் 1911 வரை இலங்கையிற் பணிபுரிந்தவர், யாழ்ப்பாணத்திலும் இருந்தவர், 1908 முதல் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராய் இருந்தவர். நாடு திரும்பியபின் அவர் எழுதிய நாவலிலே, ஆட்சி செய்தவரின் கண்ணை விட்டு ஆளப்பட்டவரின் குடிசைக்குள் நுழைகிறார். வேட்டைக்காரன் சிலிந்து, அவனுடைய புதல்வியர் புஞ்சிமெனிக்கா, ஹின்னிஹாமி, மருமகன் பாபுன் ஆகியோரே கதைமாந்தர். ஊர்த் தலைவனும் கடன் கொடுக்கும் வணிகனும் சேர்ந்து பாபுன் மீது களவுக் குற்றம் சுமத்துகின்றனர். பாபுன் சிறை செல்கிறான்; பின்னர் அங்கேயே மடிகிறான். பொறுமை இழந்த சிலிந்து இருவரையும் கொல்கிறான். ஈற்றிலே கிராமம் அழிந்து, புஞ்சிமெனிக்கா தனித்து நிற்க, காடு குடிசை வாயில்வரை வந்துவிடுகிறது.

இந்நாவலில் என்னை நெடுநேரம் நிறுத்திய பகுதி நீதிமன்றக் காட்சி. அங்கே நீதிபதி கொடியவன் அல்லன். நியாயமாய் நடக்கவே விரும்புகிறான். ஆனால் வழக்கு நடைபெறும் மொழி குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குத் தெரியாது. அவன் வாழ்வு நீதிபதிக்குத் தெரியாது. இடையில் மொழிபெயர்ப்பாளன் ஒருவன் நிற்கிறான், அவ்வளவே. இப்பகுதியைப் படித்தபோது என் சிறுபராய நிகழ்வொன்று நினைவில் எழுந்தது. என் தந்தையாருக்கு ஓர் அலுவலகத்திலிருந்து அவர் அறியாத மொழியிலே கடிதமொன்று வந்தது. அதனை வாசிப்பிக்க அவர் என்னையும் கையிற் பிடித்துக்கொண்டு மூன்று வீடுகள் ஏறி இறங்கினார். கடிதத்தில் இருந்தது சிறு செய்திதான். எனினும் மூன்றாவது வீட்டு வாயிலில் அவர் சால்வையைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலையை நான் மறந்திலேன். வூல்வ் அந்நிலையை அறிந்திருக்கிறார். ஆட்சியாளரிடையே இருந்துகொண்டு அதனை அறிந்தமையே அவருடைய பெருமை.

ஆனால் அவரிடம் எனக்கு ஒரு வழக்கும் உண்டு. அவருடைய காடு ஆதியிலிருந்தே தீமையானது. பசியும் தாகமும் அச்சமுமே அதன் இயல்பு. அதற்குள் வாழ்வோர் என்ன செய்யினும் விழுங்கப்படுவர் என்பது முதற் பக்கங்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது. கைந்நூலிலே மாந்தருக்குத் தெரிவு இல்லையெனின், இங்கே தெரிவுக்குப் பயனில்லை. சிலிந்து தன் சிறு புதல்வியருக்குக் காட்டு விலங்குகளைப் பற்றியும் பேய்களைப் பற்றியும் கதை சொல்லும் இடம் ஒன்று உண்டு. அங்கேதான் அக்காடு ஒரு தந்தைக்கும் பிள்ளைகளுக்கும் சொந்தமாகிறது. அத்தகைய இடங்கள் இன்னும் இருந்திருப்பின் துன்பம் குறைந்திராது, மாறாக மிகுந்திருக்கும். இழப்பதற்கு ஏதேனும் உள்ளவனின் இழப்பே பெரிதன்றோ?

இனி 'நிலக்கிளி'க்கு வருவோம். ஆசிரியர் முல்லைத்தீவுப் பகுதித் தண்ணீரூற்றைச் சேர்ந்தவர். பின்னாளில் டென்மார்க்கிற் குடியேறியவர். கதைக்களம் தண்ணிமுறிப்பு. கதிராமன் அக்காட்டையும் குளத்தையும் தன் உடலைப்போல் அறிந்தவன். பதஞ்சலியோ ஆதரவற்ற பெண். தந்தையின் விருப்பத்தை மீறி அவளை மணந்து, காட்டை வெட்டித் தனக்கென ஒரு வாழ்வை அமைக்கிறான். அவ்வூருக்கு ஆசிரியராக வரும் சுந்தரலிங்கம் அவர்களுக்கு நண்பனாகிறான். புயலடிக்கும் ஓர் இரவில் பதஞ்சலிக்கும் அவனுக்குமிடையே நேரும் பிறழ்வு மூவரது வாழ்வையும் குலைக்கிறது.

வூல்வினை அடுத்து இதனைப் படிப்போர் முதலிற் காண்பது ஒளி வேறுபாட்டையே. இங்கே காடு உணவு தருகிறது. இளைஞனுக்குத் துணிவையும் புதுமணமக்களுக்கு மறைவையும் தருகிறது. கதிராமனின் கோபமும் பெருமையும் அவன் செய்யும் வேலையிலிருந்தே பிறக்கின்றன. தந்தையை மீறுவோன் வயலையும் மாட்டையும் இழக்க நேரும். அவற்றை இழந்தவனுக்குக் காடு இருக்கிறது. காடு இல்லாத ஊரில் அவன் அவ்வாறு மீறியிருக்க இயலாது. மனிதன் செய்யும் தெரிவை நிலம் இவ்வாறு ஆக்கியும் தடுத்தும் நிற்குமாயின், அந்நிலம் அந்நூலில் மெய்யாக உள்ளது என்பேன். நான் தேடிய விடை இதுவே. 'நிலக்கிளி'யின் பெரும்பகுதி இவ்வளவைக்கு நின்றுபிடிக்கிறது.

பத்தொன்பது வயதில் இதனைப் படித்தபோது கதிராமனுக்காக இரங்கினேன். இப்பொழுது என்னை உறுத்துவது சுந்தரலிங்கம். அவன் தீயவன் அல்லன். படித்தவன், பண்பானவன், தனிமையுற்றவன். பின்தங்கிய ஊருக்குச் சென்ற ஆசிரியன், தான் அறிவு கொடுக்க வந்தவன் என்று எண்ணுகிறான். ஆனால் உண்ணும் சோறும் உறங்கும் கூரையும் அவ்வூர் அவனுக்குக் கொடுத்தவை. கொடுத்தவற்றைக் கணக்கில் வைத்து, பெற்றவற்றை மறக்கும் குணம் நம் தொழிலில் உண்டு. கரும்பலகையின் முன் நிற்கும் எவரும் இப்பாத்திரத்தைக் கண்டு சற்றே நாணுதல் நன்று.

குறை ஒன்றையும் மறைத்தல் ஆகாது. பதஞ்சலியின் வெகுளித்தனத்தை ஆசிரியர் மிகவும் வலியுறுத்துகிறார். நிலக்கிளி நிலத்துப் பொந்தில் வாழ்வது, உயரப் பறவாதது, எளிதிற் பிடிபடுவது. பதஞ்சலியும் அத்தகையள் என்பதே தலைப்பின் கருத்து. இரக்கத்தினால் எழுந்த உவமை எனினும், அவ்விரக்கம் அவளைச் சிறியவளாக்கிவிடுகிறது. ஆடவர் இருவரது மனப்போராட்டமும் நமக்குப் புலனாகும் அளவுக்கு அவளது மனம் புலனாவதில்லை. பிடிபடுவதற்கென்றே பிறந்தவள்போல அவள் நிற்கிறாள்.

இக்கருத்தை உயர்தர வகுப்பிலே கூறியபோது, பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். அவளுடைய குடும்பம் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தது.

"சேர், எங்கட அம்மம்மா அந்தப் பக்கந்தான். நிலக்கிளி பறக்கத் தெரியாமல் பிடிபடுறேல்லையாம். பொந்துக்குள்ள குஞ்சு இருக்கேக்க விட்டிட்டுப் போக மனமில்லாமல் நிக்குமாம். அதாலதான் பிடிபடுகுதாம்."

வகுப்பில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பறவைநூல் வல்லார் இதனை ஏற்பரோ என்பது வேறு விடயம். ஆனால் நான் இருமுறை படித்தும் காணாத ஒரு வாசிப்பை அம்மூதாட்டி தந்துவிட்டார். தப்பிச் செல்ல அறியாமை வேறு. செல்ல மனமின்றி நிற்றல் வேறு. பின்னதைத் தெரிவு என்று கூறல் வேண்டும். பதஞ்சலியை அவ்வாறு வரைந்திருப்பின் நாவல் இன்னும் உயர்ந்திருக்கும் என்றே இப்பொழுதும் கருதுகிறேன்.

இவ்விடத்திலே ஓர் இடர்ப்பாடு எழுகிறது. தண்ணிமுறிப்புப் பகுதி மக்கள் 1984இல் ஊரை விட்டுப் பெயர நேர்ந்தது. ஆகவே 1973இல் உயிருள்ள ஓர் ஊரின் கதையாக எழுதப்பட்டது, பதினொரு ஆண்டுகளுள் இழந்த ஊரின் பதிவாக மாறிவிட்டது. அதில் வரும் குளக்கட்டும் வண்டிப்பாதையும் பலருக்கு இன்று கதைக்களமாகத் தோன்றுவதில்லை; பிறந்த வீட்டின் நிழற்படமாகவே தோன்றுகின்றன. அப்படிப் படிப்போரை நோக்கி, பாத்திர அமைப்பிலே குறையுண்டு என்று சொல்வது ஈரமற்ற செயலாகாதா? இவ்வினாவுடன் பல நாட்கள் போராடினேன்.

என் முடிவு வருமாறு. ஊரை இழந்த துயரம் நூலுக்குச் சிறப்பைக் கூட்டவும் கூடாது. நூலின் குறை அத்துயரத்தைச் சிறிதாக்கவும் கூடாது. நினைவுச் சின்னத்தை வணங்கலாம். அதனோடு வாதாட முடியாது. நல்ல நாவலோ வாதாட அழைக்கிறது. 'நிலக்கிளி'யைக் குறை கூறாமல் போற்றுவோமாயின், அதனைப் படிப்பதை நிறுத்திவிட்டோம் என்பதே பொருள். அம்மாணவி நாவலுடன் வாதாடினாள்; அதனாலேயே அவளுடைய அம்மம்மாவின் ஊர் அன்று எம் வகுப்பறைக்குள் வந்தது.

மாணவர்க்கு ஒரு வார்த்தை. லூயிஸ் எண்ணினார், வூல்வ் இரங்கினார், பாலமனோகரன் வாழ்ந்து எழுதினார். உங்கள் வீடுகளிலே அம்மம்மாக்களும் அப்பாச்சிகளும் இன்னும் இருக்கின்றனர். பறவையைப் பற்றியும் குளத்தைப் பற்றியும் அவர்களுக்குத் தெரிந்தவை எக்கைந்நூலிலும் இல்லை. அடுத்த விடுமுறையிலே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவர்கள் அருகிற் சென்று அமருங்கள். அவர்கள் கூறுவனவற்றை எழுதுங்கள். கூறியவற்றோடு ஒவ்வாவிடின் அதனையும் எழுதுங்கள்.