உறுமல் நின்ற 16 ஆண்டுகள்

ஸ்வீடனின் ஓபெத் குழு 2011 செப்டம்பரில் வெளியிட்ட ‘ஹெரிட்டேஜ்’ ஆல்பம் பியானோவில் தொடங்குகிறது. முதல் இரண்டு நிமிடங்களுக்கு மின்கிட்டாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை, குரலும் இல்லை. ஸ்வீடன் நாட்டார் மெட்டுகளை ஜாஸ் பியானோவில் வாசித்து 1964இல் யான் யோஹான்சன் கொண்டுவந்த ‘ஜாஸ் போ ஸ்வென்ஸ்கா’வின் சாயலை அதில் யாரும் கேட்டுவிடலாம். அது முடிந்து ‘தி டெவில்ஸ் ஆர்ச்சர்ட்’ பாய்ந்து வருகிறது. கிட்டார் கரகரக்கிறது, ஆர்கன் முழங்குகிறது, மிகேல் ஓகர்ஃபெல்ட் பாடத் தொடங்குகிறார். பாடுகிறார், அவ்வளவுதான். உறுமவில்லை. அடுத்த பாட்டில் வரும், அதற்கடுத்ததில் வரும் என்று காத்திருந்த டெத் மெட்டல் ரசிகர்களுக்குப் பத்தாவது பாட்டு முடியும்வரை அது வரவே இல்லை. அந்த ஆல்பத்தில் மட்டுமல்ல, அதற்குப் பின் வந்த மூன்றிலும் வரவில்லை. 2008இல் ‘வாட்டர்ஷெட்’டோடு நின்ற உறுமல் 2024 நவம்பரில்தான் திரும்பியது.

இந்த 16 ஆண்டு இடைவெளியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இரண்டே கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு கட்சி துரோகம் என்கிறது, மற்றது முதிர்ச்சி என்கிறது. இரண்டிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. உறுமல் ஓபெத்தின் பாட்டுக்குள் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதை இரு தரப்புமே கேட்கவில்லை.

உறுமல் வெறும் கத்தல் இல்லை. பேசும்போது அதிரும் குரல்நாண்களுக்கு மேலே போலிக் குரல்நாண்கள் என்ற மடிப்புகள் உண்டு. அவற்றையும் அதிரவிட்டு, மூச்சை வயிற்றிலிருந்து அளந்து வெளிவிட்டுச் செய்யும் வித்தை அது. முறை தெரியாமல் முயன்றால் தொண்டை போய்விடும். எண்பதுகளில் அமெரிக்காவில் உருப்பெற்ற இந்த முறை, 1990 வாக்கில் ஸ்டாக்ஹோமில் ஒரு பள்ளியாகவே வேர்விட்டது. என்டூம்ட் குழுவின் ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ அந்த ஆண்டு வந்தது. அதே காலத்தில் அதே நகரத்தில் தொடங்கியதுதான் ஓபெத். ஆனால் 1995இல் வந்த முதல் ஆல்பமான ‘ஆர்கிட்’டிலேயே இவர்கள் மற்றவர்களிடமிருந்து விலகி நின்றார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு, நடுவில் மின்சாரமற்ற கிட்டார், பிறகு திடீரென்று இடி.

அந்த இடி எப்படி விழுகிறது என்பதற்கு 2005இல் வந்த ‘கோஸ்ட் ரெவரீஸ்’ ஆல்பத்தின் முதல் பாட்டான ‘கோஸ்ட் ஆஃப் பெர்டிஷன்’ போதும். தொடக்கத்தில் சில நொடிகள் கிட்டார் தந்திகளைத் தயங்கித் தயங்கித் தொடும் ஒலி. கேட்பவர் ஒலியளவைக் கூட்டிவைக்கும் அந்தக் கணத்தில் மொத்தக் குழுவும் உறுமலும் ஒன்றாக வந்து மோதும். பிறகு பத்து நிமிடத்துக்குப் பாட்டு இந்த இரண்டு முனைகளுக்கு இடையே போய்வந்துகொண்டே இருக்கும். உறுமும் பகுதி முடிந்து அதே தொண்டையிலிருந்து தெளிந்த குரல் வரும்போது, அந்த மெட்டு எவ்வளவு எளிமையானதாக இருந்தாலும் காதில் பெரும் ஆறுதலாக விழும். ஓகர்ஃபெல்டின் நீண்ட பாடல்களைத் தாங்கி நிறுத்தியது இந்த எதிர்நிலைதான். மேற்கத்தியச் செவ்வியலில் சுருதி மாற்றம் செய்யும் வேலையை இங்கே குரல் மாற்றம் செய்தது. எனவே உறுமலை எடுப்பது வீட்டின் சுவருக்குப் புது வண்ணம் அடிப்பது அல்ல, தூணை எடுப்பது.

இந்தத் தூணோடு இருந்த ஓபெத்தைச் சென்னை நேரில் பார்த்திருக்கிறது. ‘வாட்டர்ஷெட்’ வந்த பிறகு, 2009இல், ஐ.ஐ.டி.யின் சாரங் விழா மேடையில் அவர்கள் வாசித்தார்கள். அந்த ஆல்பத்தில் ‘பர்டன்’ என்றொரு மென்மையான பாட்டு உண்டு. அதன் முடிவில் ஒருவர் கிட்டார் வாசித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் அதே கிட்டாரின் சாவிகளைத் திருகிச் சுருதியைக் குலைத்துக்கொண்டே போவார். அழகான மெட்டு கண்ணெதிரே உருகி வழியும். வரப்போவதற்கான முன்னறிவிப்பு அதில் இருந்ததாக இப்போது படுகிறது. நடந்து முடிந்த பிறகு எல்லாமே முன்னறிவிப்பாகத் தெரிவது விமர்சகர்களின் பழைய வியாதி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓபெத் தனியாக இந்த வழியில் போகவில்லை. அவர்களுடைய அண்டை வீட்டுக்காரர்கள் என்று சொல்லத்தக்க கடடோனியாவும் ஸ்டாக்ஹோம் குழுதான். 1996இல் அவர்கள் ‘பிரேவ் மர்டர் டே’ பதிவு செய்தபோது பாடகர் யோனாஸ் ரெங்க்ஸேயின் தொண்டை உறுமலுக்கு ஒத்துழைக்க மறுத்தது. அவருக்காக அந்த ஆல்பத்தில் உறுமியவர் ஓகர்ஃபெல்ட். இரண்டே ஆண்டில் ‘டிஸ்கரேஜ்ட் ஒன்ஸ்’ வந்தது. அதில் உறுமல் அறவே இல்லை, சோகம் தோய்ந்த மெல்லிய குரல் மட்டும். அங்கே பாணி மாறியதற்கு உடம்பே காரணம். கொள்கை பின்னால் வந்தது.

இங்கிலாந்தின் பாரடைஸ் லாஸ்ட் கதை வேறு. 1991இல் ‘காதிக்’ மூலம் ஒரு முழு வகைமைக்கே பெயர் வாங்கித் தந்தவர்கள், 1999இல் ‘ஹோஸ்ட்’டில் சின்தசைசர் பாப்புக்குள் போய் உட்கார்ந்தார்கள். டெபஷ் மோடின் நிழல் அதில் கனமாக விழுந்திருக்கும். பிறகு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லப் பின்னோக்கி நடந்து 2015இல் ‘தி பிளேக் விதின்’ ஆல்பத்தில் மறுபடி உறுமினார்கள். இதில் ஒரு வேடிக்கை. ஓகர்ஃபெல்ட் தன் டெத் மெட்டல் பசியைத் தீர்த்துக்கொள்ள ப்ளட்பாத் என்ற துணைக்குழுவில் உறுமிக்கொண்டிருந்தார். 2012இல் அவர் விலகியபின், அந்த இடத்துக்கு வந்தவர் பாரடைஸ் லாஸ்டின் நிக் ஹோம்ஸ். உறுமலை விட்ட ஒருவர் எழுந்துபோன நாற்காலியில், அதை முன்பே விட்டிருந்த இன்னொருவர் வந்து அமர்ந்தார்.

நோர்வேயின் உல்வெர் திரும்பிப் பார்க்கவே இல்லை. 1997இல் செவியைக் கிழிக்கும் பிளாக் மெட்டல் ஆல்பத்தைத் தந்துவிட்டு, மறு ஆண்டே வில்லியம் பிளேக்கின் எழுத்தை மின்னணு இசையில் அமைத்தார்கள். மெட்டலோடு அந்த உறவு முடிந்தது. ஸ்விட்சர்லாந்தின் செல்டிக் ஃப்ராஸ்ட் 1988இல் ‘கோல்ட் லேக்’கில் கிளாம் வேஷம் கட்டியதைப் பற்றி நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அதன் கர்த்தாவான டாம் வாரியரே அதைக் கைகழுவிவிட்டார்.

மெட்டலில் பாணி மாற்றம் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மெட்டாலிகாவின் 1991 கறுப்பு ஆல்பம். 1988இல் பத்து நிமிடம்வரை நீண்ட, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்ட பாடல்களை வாசித்தவர்கள், மாட்லி க்ரூவின் தயாரிப்பாளரான பாப் ராக்கை அழைத்து வந்தார்கள். வேகத்தைக் குறைத்து, பாட்டைச் சுருக்கி, ஒலியைப் பெரிதாக்கினார்கள். அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. ‘விலைபோய்விட்டார்கள்’ என்ற வசை மெட்டல் உலகில் நிரந்தரமாகத் தங்கிப்போனதில் அந்த ஆல்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஓபெத்தையும் அந்த வசையால் அடித்தவர்கள் உண்டு. அது பொருந்தாது. மெட்டாலிகா போனது மைதானத்தை நோக்கி. ஓபெத் போனது ஒரு பழைய எல்.பி. இசைத்தட்டுச் சேகரிப்பாளரின் அறைக்குள். அங்கே எத்தனை பேருக்கு இடம் இருக்கும்?

ஓகர்ஃபெல்ட் அப்படிப்பட்ட சேகரிப்பாளர்தான். 2001இல் அவர்களுக்குப் புகழ் தேடித்தந்த ‘பிளாக்வாட்டர் பார்க்’ என்ற பெயரே, 1972இல் ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டுக் காணாமல்போன ஜெர்மன் குழு ஒன்றின் பெயர். 2003இல் ‘டாம்னேஷன்’ என்று உறுமலே இல்லாத ஆல்பம் ஒன்றையும் அவர்கள் செய்திருந்தார்கள். ஆனால் அது ‘டெலிவரன்ஸ்’ என்ற கனத்த ஆல்பத்தோடு இரட்டைப்பிள்ளையாகப் பிறந்தது. இடி பக்கத்து அறையில் இருக்கிறது என்று தெரிந்தே ரசிகர்கள் அந்த அமைதியை ரசித்தார்கள்.

‘ஹெரிட்டேஜ்’ அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. ‘வாட்டர்ஷெட்’டின் தொடர்ச்சியாக ஓகர்ஃபெல்ட் முதலில் இரண்டு பாடல்களை எழுதினார். இந்தப் போக்கிலேயே ஆல்பம் வந்தால் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும் என்று பேஸ் கிட்டாரிஸ்ட் மார்ட்டின் மென்டெஸ் சொல்ல, அவற்றைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். ஆப்பா குழு பாடிய அதே ஸ்டாக்ஹோம் அட்லாண்டிஸ் ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. அட்டைப்படம் மாற்றத்தை ஒளிக்கவில்லை. ஒரு மரம், அதன் கனிகளாகக் குழுவினரின் முகங்கள். விலகிச் சென்ற கீபோர்டு கலைஞர் பெர் விபெரியின் தலை கீழே உதிர்ந்துகொண்டிருக்கிறது. அடியில் பழைய உறுப்பினர்களின் மண்டையோடுகள். வேர்கள் மண்ணைத் துளைத்து நரகத்துக்குள் இறங்குகின்றன. டெத் மெட்டல்தான் அந்த வேர்.

ஆல்பத்தின் சிறப்பும் சிக்கலும் சேர்ந்து தெரியும் இடம் ‘ஃபேமின்’. பெரு நாட்டின் அலெக்ஸ் அகூன்யாவின் தாள வாத்தியங்களில் அது தொடங்குகிறது. பிறகு பியானோவும் தனித்த குரலும் வருகின்றன. பிறகு சற்றும் எதிர்பாராமல் பாறாங்கல் போன்ற ஒரு ரிஃப், அதன்மேல் மூச்சிரைக்கும் புல்லாங்குழல். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொரு துண்டும் அபாரம். ஆனால் ஒரு துண்டு ஏன் அடுத்த துண்டாகிறது என்பதற்குப் பாட்டுக்குள் காரணம் கிடைப்பதில்லை. முன்பு அந்தக் காரணத்தை உறுமல் கொடுத்தது. இருளுக்குப் பின் ஒளி என்ற ஒழுங்கு போன பிறகு, புதிய ஒழுங்கு இன்னும் வந்து சேரவில்லை. 2010இல் மறைந்த ரோனி ஜேம்ஸ் டியோவுக்கு அஞ்சலியாக எழுதிய ‘ஸ்லிதர்’ மட்டும் ஒரே மூச்சில் ஓடி முடிகிறது. அதற்கு டியோ பாடிய ரெயின்போவின் வார்ப்பு முன்பே கையில் இருந்தது. ‘ஹெரிட்டேஜ்’ நல்ல ஆல்பமா என்றால் முக்கால்வாசி நல்ல ஆல்பம் என்பேன். அதற்குப் பின் வந்த சுற்றுப்பயணத்தில் பழைய பாடல்களிலும் உறுமல் இல்லாதவற்றையே பொறுக்கி வாசித்தது வேண்டாத பிடிவாதம். பின்னர் அதை அவர்களே தளர்த்திக்கொண்டார்கள்.

விடை 2014இல் ‘பேல் கம்யூனியன்’ ஆல்பத்தில் கிடைத்தது. அங்கே பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட இசைவு, உறுமலின் இடத்தில் எடையைத் தூக்குகிறது. அதன் கடைசிப் பாட்டான ‘ஃபெய்த் இன் அதர்ஸ்’ தந்தி வாத்தியங்களோடு ஏறி இறங்கும் விதத்தில் பழைய ஓபெத்தின் நீளமும் உண்டு, நியாயமும் உண்டு. 2016இன் ‘சோர்சரஸ்’ எனக்கு ஒட்டவில்லை. 2019இல் ‘இன் காடா வெனேனம்’ ஸ்வீடிஷிலும் ஆங்கிலத்திலும் தனித்தனிப் பதிப்பாக வந்தது. ஸ்வீடிஷ் பதிப்பையே கேளுங்கள். ஒரு சொல்லும் புரியாமலே அந்தக் குரலின் நெருக்கம் தெரியும்.

உறுமல் திரும்பிய 2024 ஆல்பமான ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ முதல் உலகப்போருக்குப் பிந்தைய ஒரு செல்வந்தக் குடும்பத்தின் கதை. தந்தை இறந்துவிட்டார், உயில் வாசிக்கப்படுகிறது, ரகசியங்கள் அவிழ்கின்றன. ஏழு பாடல்களுக்குத் தலைப்பே இல்லை, உயிலின் பத்தி எண்கள்தான். 16 ஆண்டுக்குப் பின் வரும் உறுமல் இங்கே பெரும்பாலும் அந்தச் செத்த மனிதரின் அதிகாரக் குரல். கதைக்குள் உரிமை பெற்றுக்கொண்டு வருகிறது, பேச வேண்டியதைப் பேசிவிட்டு விலகுகிறது. பாடல்கள் எல்லாமே எட்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடுவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். இருளையும் ஒளியையும் முறைவைத்துப் பரிமாறும் கடமை இனி அதற்கு இல்லை. உயில் வாசகங்களைப் பேசுபவர் ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சன், புல்லாங்குழலும் அவரே. 1989இல் ஹார்ட் ராக், மெட்டல் பிரிவுக்கு முதன்முதலாக கிராமி விருது தரப்பட்டபோது மெட்டாலிகாவை முந்தி அதை வாங்கிப்போன குழு ஜெத்ரோ டல். மெட்டல் ரசிகர்கள் அதை இன்னும் மன்னிக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டு கழித்து அவரே ஒரு மெட்டல் ஆல்பத்தின் நடுவில் உட்கார்ந்து உயில் படிக்கிறார்.

புதிதாகக் கேட்க வருபவருக்கு நான் ‘ஹெரிட்டேஜ்’ஐ முதலில் தரமாட்டேன். ‘பிளாக்வாட்டர் பார்க்’, பிறகு ‘டாம்னேஷன்’, பிறகு 2024 ஆல்பம். இந்த மூன்றும் பிடித்துப்போனவர் ‘ஹெரிட்டேஜ்’ஐத் தானாகவே தேடிப் போவார். அதில் ‘ஃபேமின்’ பாட்டை இருமுறை கேட்டுவிட்டு என்னோடு சண்டைக்கு வரலாம்.