பூவும் பூச்சும்

மலரை அணுகிப் படம் பிடிப்பது, எட்ட நின்றார் காணாததைக் காட்டுதற்கே. காம்பெல் லேன் பூக்கடையில் குவிந்த மல்லிகையும் முல்லையும் வழிப்போக்கர் கண்ணுக்கு வெண்மை ஒன்றே. இதழின் வடிவும் நுனியின் கூர்மையும் அணுக்கப் படத்திலேயே பிரிந்து தோன்றும்.

அப்படத்தின்மேல் ‘பில்டர்’ எனும் ஓவிய வடிப்பானை ஏற்றுவது இன்று பெருவழக்கு. 2016இல் ‘பிரிஸ்மா’ செயலி வந்தபின் இது கைப்பேசியிலும் எளிதாயிற்று. எண்ணெய் வண்ண வடிப்பான் செய்வது யாது? ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மிகுந்துள்ள நிறத்தை எடுத்து அங்கே அப்புகிறது. மெல்லிய நரம்பும் சிறு புள்ளியும் அதனால் மறைகின்றன. 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிமும் நாவிதழ்ப் புள்ளிகளை இழந்து ஊதாக் கறையாய் எஞ்சும்.

ஓவியரும் சிலவற்றை விடுவரன்றோ எனின், விடுவர், அறிந்து விடுவர். பூமலையில் டி அல்விஸ், ஜுராய்மி சம்சூரி ஆகியோர் வரைந்த ஓவியங்களில் பூ தன் இனத்தை இழப்பதில்லை. வடிப்பானோ எதை விடுகிறோம் என்று அறியாது.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சுட்டி நிறுத்தினார். ‘பூக்கள்’ என்றொரு சொல்லால் முடித்துவிடவில்லை. அதுவே இங்கும் உரைகல். பின்புலத்தில் பூச்சு ஏறலாம். மலர்மேல் ஏறினும் அதன் பெயர் சொல்ல இயலுமாயின் குற்றமன்று. பெயர் அழியுமாயின், அது மலரின் படமன்று; நிறத்தின் படமே.