சுண்ணாம்பின் மேல் மலர்க்கொடி: சரோடா தேவாலயச் சுவர்களை வாசித்தல்

சீர்திருத்தத் திருச்சபைகளின் வரலாற்றில் வெண்சுவர் பெரும்பாலும் இழப்பின் அடையாளமாகவே காட்டப்படுகிறது. படிமங்கள் மறைந்தன, வெறுமை எஞ்சியது என்பதே அவ்வரலாற்றின் சாரம். ஹங்கேரியின் வடகிழக்கே பெரெக் வட்டாரத்திலுள்ள சரோடா எனும் சிற்றூரின் தேவாலயம் இக்கருத்தை மீள்நோக்கச் செய்கிறது.

13ஆம் நூற்றாண்டில் ரோமனெஸ்க் பாணியில் எழுந்த இவ்வாலயத்தின் சுவர்களில் பேதுரு, பவுல் முதலிய புனிதர்கள் புன்னகை தவழும் முகத்தினராய்த் தீட்டப்பெற்றிருந்தனர். ஊரார் கல்வினிய நெறியைத் தழுவிய பின்னர் அவ்வோவியங்கள் பூச்சினுள் மறைந்தன. ஆயினும் சுவர் வெறுமையாய் நிற்கவில்லை. 1642இல் அதன்மீது மலர்க்கொடிகள் வரையப்பட்டன.

கடுமையான கோட்பாட்டை மீறி நாட்டார் கலை உள்நுழைந்ததன் விளைவே இம்மலர்கள் என்று விளக்குவது எளிது. ஆனால் கோட்பாட்டு நூல் அவ்விளக்கத்திற்கு இடந்தரவில்லை. ஹங்கேரியச் சீர்திருத்தத் திருச்சபை ஏற்றுள்ள ஹெய்டல்பர்க் வினாவிடை (1563), இறைவனை உருவாக்கிக் காட்டுவதை முற்றாக விலக்குகிறது. படைப்புப் பொருள்களை வரைவதையோ அது விலக்கவில்லை. அவற்றை வழிபடுவதையே விலக்குகிறது (வினா 97). எழுத்தறியாதோர்க்குப் படிமங்களே நூலாகும் என்ற வாதத்தையும் அது மறுக்கிறது (வினா 98). மலர்க்கொடி வழிபடப்படுவதுமன்று, போதிப்பதுமன்று. எனவே அது கோட்பாட்டின் மீறலன்று. கோட்பாடு விட்டுவைத்த வெளியில் உருவான கலை.

அருகிலுள்ள தாக்கோஷ் ஊர் இதற்கு வலுச்சேர்க்கிறது. மண் பூசிய மிலாறுச் சுவர்களாலான அவ்வூர் ஆலயத்தின் மரக்கூரைப் பலகைகளில் 1766இல் லாண்டோர் ஃபெரென்ஸ் என்னும் தச்சர் பூவேலைப்பாடுகளைத் தீட்டினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் தொடர்ந்த இவ்வழக்கத்தைத் தற்செயலான விலகலாகக் கொள்ள இயலாது.

20ஆம் நூற்றாண்டின் புனரமைப்பில் சரோடாவின் புனிதர்கள் மீண்டும் வெளிப்பட்டனர். இன்று அவர்களும் மலர்களும் ஒரே ஆலயத்துள் காணக்கிடைக்கின்றனர். இங்கேயே ஆய்வாளர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். மேற்படலத்தை அகற்றாமல் கீழ்ப்படலம் வெளிப்படுவதில்லை; ஆதலின் எப்படலத்தைக் காப்பது என்னும் முடிவே ஒரு வரலாற்றுத் தீர்ப்பாகிறது. பழமையானதே மெய்யானது எனக் கொண்டால், 1642இன் சபையார் தம் ஆலய வரலாற்றில் அழித்தவர்களாக மட்டுமே எஞ்சுவர். அவர்களும் படைத்தவர்களே என்பதை அச்சுவர் உணர்த்துகிறது.