சர்க்கி தாத்ரி: ஆங்கிலம் மட்டும்தான் குற்றவாளியா?

1996 நவம்பர் 12 மாலை, டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி வானில் சவூதியாவின் போயிங் 747-உம் கஜகஸ்தான் ஏர்லைன்ஸின் இல்யூஷின் 76-உம் மோதிக்கொண்டன. இரண்டிலும் இருந்த 349 பேரும் இறந்தார்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே, "அந்த பைலட்டுக்கு இங்கிலீஷ் புரியலை, அதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். நீதிபதி லஹோட்டியின் விசாரணையும் மொழிக் குறைபாட்டை ஒரு காரணமாகச் சொன்னது. அது சரிதான். ஆனால் அதோடு நின்றுவிடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

நடந்த உரையாடலைப் பாருங்கள். கஜக் விமானத்துக்குக் கொடுத்த உயரம் 15,000 அடி. எதிரே வந்த சவூதியாவுக்கு 14,000. "15,000 வந்துவிட்டோம்" என்று கஜக் விமானம் சொல்லிவிட்டது. எதிரே விமானம் வருகிறது என்று கன்ட்ரோலர் எச்சரித்தார். எத்தனை மைல் என்று கேட்டார்கள். 14 மைல் என்றார். அடுத்து, அது லெவல் 140-இல் வருகிறது என்றார். பதிலும் வந்தது. விமானமோ 15,000-இல் நிற்காமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். பேசியவர் விமானத்தை ஓட்டியவர் இல்லை, ரேடியோ ஆபரேட்டர். அவர் இருக்கையில் உயரமானி கிடையாது. விமானிகளின் கருவியை எட்டித்தான் பார்க்கணும். டெல்லியில் அன்று இருந்த ரேடாரோ விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும், எவ்வளவு உயரத்தில் என்று காட்டாது. போதாததற்கு, வருகிற விமானத்துக்கும் போகிற விமானத்துக்கும் ஒரே வழி.

எங்கள் சாப்ட்வேர் பாஷையில் சொன்னால், "ஓகே" என்ற பதில் செய்தி வந்து சேர்ந்ததற்குத்தான் சாட்சி. சொன்னது நடந்ததா என்பதைத் தனியாகச் சரிபார்க்கணும். கடலூர் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2025 ஜூலை 8 அன்று செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். அது சிக்னலோடு இணைக்கப்படாத கேட். அப்படிப்பட்ட கேட்டில், மூடியாச்சா இல்லையா என்பதற்கு போனில் சொல்லும் வார்த்தையும் பிரைவேட் நம்பரும்தான் ஆதாரம். அங்கே இங்கிலீஷ் பிரச்சினை எதுவும் கிடையாது.

டெல்லி விபத்துக்குப் பிறகு உயரம் காட்டும் ரேடார் வந்தது, வரவுக்கும் புறப்பாட்டுக்கும் வழிகள் பிரிந்தன, மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் கருவி கட்டாயமானது. விமானிகளுக்கும் கன்ட்ரோலர்களுக்குமான சர்வதேச ஆங்கிலத் தகுதி விதி நடைமுறைக்கு வந்தது 2008-இல்தான். மொழித் தேர்வு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவரும் களைப்பில் ஒரு எண்ணைத் தவறாகக் கேட்கலாம். அப்போது காப்பாற்றப்போவது ரேடாரும் கருவியும்தான்.

அடுத்த முறை "மனிதத் தவறு" என்று செய்தியில் படித்தால், அந்த மனிதர் சொன்னதைச் சரிபார்க்க அங்கே என்ன இருந்தது என்றும் தேடிப் பாருங்கள்.