இடப்பக்கம் கடல்

புனேயிலிருந்து கொங்கண் கடற்கரைக்கு சைக்கிளில் இறங்குகிறவர்களில் பலர் திவேஆகரில் தொடங்கி, ஸ்ரீவர்தன் வழியாகத் தெற்கே ஹரிஹரேஷ்வரை நோக்கி மிதிக்கிறார்கள். என் கட்சி நேர் எதிர். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன. மேற்குக் கரையில் வடக்கே போனால்தான் கடலும் இடப்பக்கம் வரும். தெற்கே போகிறவர் எதிரே வரும் கார்களுக்கு நடுவே கிடைத்த இடுக்கில் கடலைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வடக்கே ராஜ்புரி கழி, தெற்கே சாவித்ரி ஆற்றின் கழிமுகம். இரண்டுக்கும் நடுவே அரபிக்கடலுக்குள் புடைத்து நிற்கிறது இந்த நிலம். தென்முனையில் பாக்மண்ட்லா, வடமுனையில் திகி; இடையே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். முதல் நாள் தாம்ஹிணி கணவாயில் இறங்கி, மாண்காவ், ம்ஹசளா வழியாக ஹரிஹரேஷ்வர் சேர்ந்து தூங்கிவிட வேண்டும். தாம்ஹிணி அழகுதான், ஆனால் அது பிரேக் பிடிக்கிறவர்களின் அழகு.

மறுநாள் விடிவதற்குள் புறப்படுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. குளிர்காலக் காலைகளில் நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று வீசும். அது முதுகிலும் படாது, முகத்திலும் அறையாது. வெயில் ஏறி நிலம் சுட்டதும் காற்று திரும்பி வடமேற்கிலிருந்து வரத் தொடங்கும். பிற்பகலில் வடக்கே மிதிக்கிறவனுக்கு அது சுவர். இன்னொன்று வெளிச்சம். சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து எழுவதால் சாலை வெகுநேரம் நிழலிலேயே கிடக்கும். கடல் மட்டும் நேர்வெளிச்சத்தில் பச்சையும் நீலமுமாக நிற்கும். மாலையில் அதே கடல் கண்கூசும் தகடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழகிய சென்னைக்காரர்களுக்கு இது தலைகீழாகப் படும். அங்கே கடல் சாலையின் பெயரில் இருக்கிற அளவுக்குக் கண்ணில் படுவதில்லை என்பது வேறு விஷயம்.

ஸ்ரீவர்தனில் சற்று நிற்கலாம். புனேயை ஆண்ட பேஷ்வாக்களின் பட் குடும்பம் இந்த ஊர்க்காரர்கள். 1713இல் பேஷ்வா ஆன பாலாஜி விஸ்வநாத், ஜஞ்சிரா கடற்கோட்டையை ஆண்ட சித்திகளோடு ஏற்பட்ட பகையால் இங்கிருந்து மலையேறிப் போனவர். ஊரைச் சூழ்ந்த பாக்குத் தோப்புகளை 2020 ஜூன் 3 அன்று கரை கடந்த நிசர்கா புயல் முறித்துப் போட்டது. மறுபடி நட்ட பாக்கு காய்ப்புக்கு வர வருடங்கள் ஆகும்.

ஸ்ரீவர்தனுக்கு வடக்கே, ஆராவியிலிருந்து ஷேகாடி வரைதான் இந்தப் பயணத்தின் உயிர். மலை நேராகக் கடலில் காலூன்றும் இடத்தில், அதன் முழங்கால் உயரத்தில் சாலையை வெட்டியிருக்கிறார்கள். பாறைமூக்கு ஒன்று துருத்தும். சாலை ஏறி, அதைச் சுற்றி, அடுத்த குடாவுக்குச் சரியும். எந்த ஏற்றமும் நீளமில்லை, ஆனால் எதுவும் தனியாக வருவதில்லை. இறக்கத்தில் கிடைத்த வேகத்தை அடுத்த ஏற்றத்தின் பாதி வரை கொண்டுபோகத் தெரிந்தவர் அதிகம் களைப்பதில்லை. வளைவில் மணல் கிடக்குமோ, மாடு நிற்குமோ என்று பயந்து பிரேக்கைப் பிடித்தால் ஒவ்வொரு மேட்டையும் புதிதாக வாங்க வேண்டும். (மாடு நிற்கும். பிரேக் பிடிக்கத்தான் வேண்டும்.) மிதியோடு சுற்றும் முன் பற்சக்கரத்திலும் பின் பற்சக்கரத்திலும் பல் எண்ணிக்கை சமமாக, 34க்கு 34 என ஒரு கியர் இருந்தால் போதும்: ஒரு மிதிக்கு சக்கரம் ஒரு சுற்று, இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். அந்த நிதானத்தில்தான் கீழே பாறைகளுக்குள் தண்ணீர் நுழைந்து வெளியேறும் சத்தம் காதில் விழும்.

இவ்வளவு அமைதியான ஷேகாடியில்தான் 1993 மும்பை குண்டுவெடிப்புக்கான வெடிமருந்து கரையிறக்கப்பட்டது. ஒதுங்கிய கரையைத் தேடுகிறவர்கள் எல்லோரும் சைக்கிள்காரர்கள் இல்லை.

பரட்கோலில் காயும் மீன் வாடையைத் தாண்டினால் திவேஆகர். சவுக்குத் தோப்பு, தேங்காய்ப் பூரணம் வைத்த மோதகம், ஒரு டம்ளர் சோல்கடி. அங்கிருந்து திகி வரை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்கு வழிவிடுவதே அங்கே வேலை. திகியில் சைக்கிளை ஃபெர்ரியில் ஏற்றி ஆகர்தாண்டாவில் இறங்கினால் முருட் பக்கம். ரேவஸ்–ரெட்டி கடற்கரை நெடுஞ்சாலைக்காக இந்தக் கழிகளின் மேல் பாலங்கள் திட்டமிடப்பட்டிருக்கின்றன. கார்காரர்களுக்கு நேரம் மிச்சம். சைக்கிள்காரர் அந்த உயரத்தில், பிற்பகல் வடமேற்குக் காற்றில், தடுப்புச்சுவரை ஒட்டி மிதிக்க வேண்டும். நான் ஃபெர்ரிக்கே காசு கொடுப்பேன்.