பிடிக்கிற நூல், அறுக்கிற நூல்

2021 டிசம்பரில் ஒரு நாள் காலை, சென்னையிலிருந்து பழைய நண்பன் ஒருவன் தொலைபேசி எடுத்தான். நலம் விசாரிக்கவில்லை. எடுத்த எடுப்பில், "இன்னாண்ணே, உங்க ஊர்ல காத்தாடி ஆளுங்கள வுடுதாமே?" என்றான்.

அவன் பார்த்த காணொளியை அந்த வாரம் உலகமே பார்த்தது. யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் சில இளைஞர்கள் தடித்த கயிற்றில் ஒரு பெரிய பட்டத்தை ஏற்றுகிறார்கள். கயிறு இழுபடுகிறது. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கையை விட, ஒருவர் மட்டும் விடவில்லை. பட்டம் அவரையும் தூக்கிக்கொண்டு போகிறது. முப்பது, நாற்பது அடி உயரத்தில் அவர் ஊசலாட, கீழே நின்றவர்கள் கத்துகிறார்கள். நல்ல காலம், கொஞ்சம் தாழ வந்தபோது கையை விட்டு விழுந்து உயிர் தப்பிவிட்டார்.

"ஏண்ணே அவுரு கைய வுடல?" என்று நண்பன் கேட்டான். அன்று மாலையே வடமராட்சியில் இருக்கும் என் மாமாவிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் கேட்டது வேறு: "ஆள் தப்பிட்டான், சரி. பட்டம் என்னடா ஆனது?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவே பாக்குநீரிணை கிடக்கிறது என்று எனக்குத் தோன்றியது. எங்கள் ஊரில் நூல் என்பது பட்டத்தைப் பிடித்து வைத்திருப்பதற்கானது. இந்தியாவில், அதுவும் நான் பார்த்த வடசென்னையிலும் கேட்டறிந்த அகமதாபாத்திலும், நூல் இன்னொருவன் நூலை அறுப்பதற்கானது. இரு ஊர்க்காரரும் எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்குப் புறுபுறுக்கிறார்கள் என்பதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

வல்வெட்டித்துறையிலிருந்து தொடங்குகிறேன். தைப்பொங்கலன்று அந்தக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைப் பார்க்க யாழ்ப்பாணம் முழுவதும் திரளும். வாடைக்காற்று வங்கக்கடலைத் தாண்டித் தடையில்லாமல் வருகிறது. மரமும் இல்லை, மாடியும் இல்லை. அதனால் காற்று குலுங்காது. ஒரே சீராக இழுக்கும். அப்படிப்பட்ட காற்றுக்குத்தான் ஆளைவிடப் பெரிய பட்டம் கட்டத் துணிய முடியும். கொக்கு, பிராந்து, பாராத்தை, வௌவால், எட்டுமூலை, படலம் என்று பழைய வகைகள் ஒரு பக்கம். கப்பலும் விமானமும் படமெடுத்த பாம்பும் முழு உருவமாகவே எழும்புவது இன்னொரு பக்கம். இதைக் கட்டுகிறவர்கள் பாய்மரமும் கயிறும் அறிந்த ஊரின் பிள்ளைகள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல்தான் பெயர் மாற்றப்பட்டு, 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. காற்றோடு கணக்குப் பார்க்கும் பழக்கம் அங்கே ஊறிப்போனது.

கணக்கு முழுவதும் முச்சையில் இருக்கிறது. பட்டத்தின் முகத்தில் இரண்டு மூன்று இடங்களில் நூலைக் கட்டி, அவற்றை ஒரு முடிச்சில் கூட்டுவதுதான் முச்சை. முடிச்சு ஒரு விரலளவு மேலே போனால் ஒரு குணம்; கீழே வந்தால் இன்னொரு குணம். பட்டம் குத்தும், அல்லது ஒரு பக்கம் சரியும், அல்லது எழும்பவே மாட்டேன் என்று வாலை இழுத்துக்கொண்டு மணலில் கிடக்கும். இங்கேதான் யாழ்ப்பாணத்தானின் முதல் முறைப்பாடு தொடங்குகிறது. பட்டம் குத்தினால் கட்டியவன் முச்சை சரி என்பான், பிடித்தவன் வால் காணாது என்பான், பார்த்து நிற்பவன் இரண்டும் பிழை என்பான். ஒரு பட்டத்தைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றால் அதில் எட்டுப் பேர் பேராசிரியர்கள். மற்ற இருவரும் நூலைப் பிடித்திருப்பதால் பேச நேரமில்லாதவர்கள்.

விண்ணைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் பட்டத்தைச் சொல்ல முடியாது. பட்டத்தின் தலையில் வில் போலக் கட்டும் ஒரு சலாகை. அதன் இரு முனைக்கும் நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டிய ஒரு மெல்லிய நாடா. அந்தக் காலத்தில் பனை மட்டையிலிருந்து உரித்து, கத்தியால் சீவிச் சீவி ஒளி தெரியும்வரை மெலிதாக்கிய நார். பிறகு பெட்டிகளைக் கட்டிவரும் பிளாஸ்டிக் பட்டியைச் சீவத் தொடங்கினார்கள். காற்று அந்த நாடாவை அதிர வைக்கும். அகலமான நாடா அடித் தொண்டையில் முழங்கும்; ஒடுங்கியது கூவும். மலேசியாவின் வாவ் பட்டத்திலும் இதே போன்ற ஒலிக்கும் வில் உண்டு. சென்னைக் காத்தாடியில் கிடையாது. அதற்கு அங்கே வேலையும் இல்லை.

விண் பூட்டிய பட்டத்தை இறக்குவதில்லை. பொழுதுபட்டதும் நூலை ஒரு பூவரச மரத்திலோ பனையிலோ கட்டிவிட்டுப் போய் நித்திரை கொள்வார்கள். கட்டியவன் வீடு கடற்கரையில். ஆனால் வாடைக்காற்றில் பட்டம் நிற்பது ஊருக்கு மேலே. ஆகவே கட்டியவனைத் தவிர மற்ற எல்லாருடைய கூரைக்கும் மேலே விடியும்வரை அது முழங்கிக்கொண்டிருக்கும். மார்கழி பிறந்ததும் எங்கள் ஒழுங்கையில் தொடங்கும் சண்டை இதுதான். சோதனைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீடு, கைக்குழந்தை இருக்கிற வீடு, நித்திரை வராத ஆச்சி இருக்கிற வீடு மூன்றும் காலையில் ஒன்றாகக் கிளம்பும். "டேய் தம்பியவை, இரவு முழுக்க எருமை மாடு கத்தின மாதிரிக் கிடக்கு. கழட்டி வையுங்கோடா." கழற்ற மாட்டார்கள். ஆச்சிக்கும் தெரியும். வேடிக்கை என்னவென்றால், நடுச்சாமத்தில் காற்று விழுந்து விண் சட்டென்று நின்றால், அந்த அமைதியில்தான் ஊர் விழித்துக்கொள்ளும். பெடியள் ரோர்ச் லைட்டோடு ஓடுவார்கள். மறுநாள் ஆச்சியே கேட்பா: "என்னடா, உங்கட எருமை எங்கே விழுந்தது?"

விளக்குப் பட்டமும் உண்டு. நூலிலும் சட்டத்திலும் சிறு மின்குமிழ்கள் கட்டி இரவில் ஏற்றுவது. ஆனால் அதற்குப் பற்றரி வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போர் நடந்துகொண்டிருந்த வடக்குக்குப் பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருள். நான் பிள்ளையாக இருந்த வருடங்களில் இரவு வானில் தெரிந்த வெளிச்சங்கள் வேறு வகையானவை. அதை இங்கே நீட்டவில்லை.

1996இல் சென்னைக்கு வந்து பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி அறையில் தங்கினேன். கோடை விடுமுறையில் கடற்காற்று நடுப்பகலுக்குப் பிறகு கிளம்பும். கிளம்பியதும் எல்லா மொட்டைமாடியிலும் தலைகள் முளைக்கும். அந்தக் காத்தாடியைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சாய்சதுரமாக ஒரு தாள், நடுவே ஒரு குச்சி, வளைத்த இன்னொரு குச்சி. வால் இல்லை. "இது குத்துமே" என்றேன். வீட்டுக்காரர் மகன், பின்னாளில் அந்தத் தொலைபேசி எடுத்தவன், என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "குத்தணும்ணே. அதுக்குத்தான்."

உண்மைதான். நூலைத் தளர்த்தினால் அந்தக் காத்தாடி சுழலும். வெடுக்கென்று இழுத்தால் தலை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பாயும். நிலையாக நில்லாமையே அதன் திறமை. எங்கள் முச்சைக்கு அங்கே சூத்திரம் என்று பேர். எதிராளியின் நூலோடு நம் நூலைப் பின்னவிட்டு, இழுத்தோ தளர்த்தியோ அறுக்க வேண்டும். அந்தச் சண்டைக்குப் பேர் டீல்.

டீல் என்பது ஆங்கிலச் சொல், இரண்டு பேருக்குள் ஒப்பந்தம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் வட இந்தியாவில் நூலைத் தளர்த்திவிடுவதற்கு இந்தியில் டீல் என்பார்கள். கண்ணாடித்தூள் பூசிய நூலைக் குறிக்கும் மாஞ்சாவும் அங்கிருந்து வந்ததுதான். "நம்மள டீல்ல வுட்டுட்டான்பா" என்று சென்னையில் கைவிடப்பட்ட எவனும் புலம்புவதைக் கேட்கலாம். அது தங்கள் மாடியில் பிறந்த சொல் என்று காத்தாடிக்காரர்கள் உரிமை கொண்டாடுவார்கள். கடன் வாங்கிய சொல்லைக் கொண்டு இவ்வளவு துல்லியமாகப் புலம்ப முடிவது சென்னைத் தமிழின் சாமர்த்தியம்.

யாழ்ப்பாணத்தில் சிரிப்பு பட்டம் விடுகிறவனைப் பார்த்தேதான்: கட்டத் தெரியாதவன், காற்றுப் பார்க்கத் தெரியாதவன், கடைசியில் தூக்கிக்கொண்டு போகப்பட்டவன். சென்னையில் சிரிப்பு எப்போதும் அடுத்த மாடிக்காரனுக்கு. அவன் நூல் அறுந்ததும் எழும் கூச்சலுக்கு ஈடான ஒன்றை நான் எங்கள் கடற்கரையில் கேட்டதில்லை. அறுந்த காத்தாடி எடுத்தவனுக்குச் சொந்தம் என்பது எழுதாத சட்டம். எங்கள் ஊரில் அறுந்த பட்டம் கட்டியவனுக்கே சொந்தம். நாலு ஊர் தாண்டி விழுந்தாலும் சைக்கிளில் போய்க் கேட்டு வாங்கி வருவான். ஒரு மாதம் இருந்து கட்டியதை வேறொருவன் கொண்டுபோக விடுவானா? சென்னைக்காரனுக்குச் சில ரூபாய்தான் நட்டம். மறு நிமிடம் அடுத்தது ஏறும்.

அகமதாபாத்தில் ஜனவரி 14 உத்தராயணத்தன்று இதே சண்டை ஒரு நகரம் முழுவதற்குமான விழாவாக நடக்கிறது. பழைய நகரின் மாடிகளை வாடகைக்கு விடுகிறார்கள். உத்தரப்பிரதேசத்திலிருந்து வரும் தொழிலாளர் தெருவோரம் கம்பங்களுக்கிடையே நூலைக் கட்டி, கண்ணாடித்தூளும் சாயமும் கலந்த பசையைக் கையாலேயே பூசுகிறார்கள். அறுத்ததும் "காய் போ சே!" என்ற கூச்சல். அந்தத் தொடர் 2013இல் ஒரு இந்திப் படத்துக்கே பெயராகிவிட்டது. அங்குள்ள புறுபுறுப்பு பெண்களுடையது. நூலுருளையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கும் வேலை பெரும்பாலும் மனைவிக்கோ தங்கைக்கோதான். நூல் சிக்கினால் திட்டு அவளுக்கு. அறுத்தால் கூச்சல் அவனுக்கு.

மாஞ்சாவை நினைத்து உருகிப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. கண்ணாடித்தூளும் வஜ்ஜிரப் பசையும் காய்ச்சிய வாசனை இளமைக்கால நினைவாக இருக்கலாம். ஆனால் சென்னைச் சாலைகளில் மோட்டார் சைக்கிளின் முன்னால் உட்கார்ந்து வந்த குழந்தைகளின் கழுத்து அந்த நூலில் அறுந்திருக்கிறது. அகமதாபாத்தில் ஒவ்வொரு தை மாதமும் பறவைகளுக்குத் தையல் போடத் தனியாக முகாம்கள் வேண்டியிருக்கின்றன. 2017 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலான் முதலிய செயற்கை நூல் மாஞ்சாவை நாடெங்கும் தடை செய்தது. சென்னைக் காவல்துறை அதற்கு முன்பிருந்தே தடையுத்தரவு போட்டு, முடிந்ததும் மீண்டும் போட்டு வருகிறது. "காத்தாடி வுட்டா உள்ள தூக்கி வெக்கிறாங்க" என்று நண்பன் சலித்துக்கொண்டபோது நான் பதில் சொல்லவில்லை. எங்கள் பட்டம் ஆச்சியின் நித்திரையைத்தான் கெடுக்கும்.

ஆனாலும் எங்கள் ஆட்களும் உத்தமர்கள் அல்லர். மின்கம்பியில் பட்டம் சிக்கி ஊர் இருண்டால் யாருடையது என்று ஒருவனும் சொல்ல மாட்டான். விமான நிலையங்களின் பக்கத்தில் பட்டம் விடாதீர்கள் என்று இலங்கையின் விமானப் போக்குவரத்து அதிகாரிகள் பருவம் வந்ததும் எச்சரிக்கிறார்கள். இந்தியாவில் இன்னும் ஒரு படி மேல். 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டம் பலூன், கிளைடரோடு பட்டத்தையும் வானூர்தி என்ற சொல்லுக்குள் அடக்கியது. இதை நண்பனிடம் சொன்னபோது, "அப்ப நான் பைலட்டா? பொண்ணு பாக்கும்போது இத்த சொல்லலியேண்ணே" என்று அங்கலாய்த்தான்.

வண்ணாரப்பேட்டை மாடியில் நானும் ஒருமுறை எட்டுமூலை கட்டினேன். வாலோடும் விண்ணோடும். பையன்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இந்த வால்லயே டீல் போட்ருவாங்கண்ணே" என்றான் ஒருவன். ஏறியது. விண் முழங்கத் தொடங்கியதும் மாடிகளில் தலைகள் திரும்பின. மூன்று நிமிடம் இருக்கும். எங்கிருந்தோ ஒரு சிவப்புக் காத்தாடி பக்கவாட்டில் வந்தது, நூல் கையில் தொய்ந்தது, முழக்கம் நின்றது. என்னைத் தவிர எல்லாரும் கூச்சலிட்டார்கள்.

ஊர்ப் பழக்கத்தில் தேடிப் போனேன். இரண்டு தெரு தள்ளி ஒரு பையன் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேட்டேன், தரவில்லை. எடுத்தவனுக்குச் சொந்தம். ஆனால் அவனுக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. "அண்ணே, இது எப்பிடிண்ணே கத்துச்சு?" நாடாவைக் காட்டிச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் இரவு பதினொரு மணிக்கு மேல் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுப் பெரியவர், மேல்துண்டை இழுத்துப் போர்த்தியபடி. மாடிப்படிக்கு வெளியே, இருட்டில் எங்கோ உயரத்திலிருந்து, எனக்கு நன்றாகத் தெரிந்த எருமை கத்திக்கொண்டிருந்தது.

"சார், தூக்கமே வரல. இது உங்க ஊரு வேலைதானே?"